வாளித் தண்ணீரின் அளவு

அந்த நாற்றம் பத்து நிமிடத்தில் பழகிவிடும் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பழகவில்லை. குற்றாலத்தில் ஒரு பெரிய விடுதியின் பின்பக்கம், படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற கொட்டகையையும் தாண்டி, கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையம் இருந்தது. சீசன் நன்றாகப் பிடித்திருந்த ஒரு மதியம் நான் முதன்முதலாக அங்கே போனேன். முன்பக்கம் சாரலில் நனைந்தபடி ஆட்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் தேய்த்த உடம்புகள், ஈரத் துண்டுகள், நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற மணம். சமையலறையைச் சுற்றிப் பின்னால் திரும்பியதும் அந்த மணமெல்லாம் வெட்டினாற்போல் நின்றுபோய், அழுகிய முட்டையும் பழைய எண்ணெயும் மலமும் கலந்த ஒரு வாடை தொண்டைக்குள் இறங்கியது. மூக்கைப் பொத்தினால் நாக்கில் வந்து உட்கார்ந்தது.

நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். தென்காசியில் உம்மாவோடு இருக்கிறேன், வீட்டுக்காரர் சவுதியில். திருநெல்வேலியில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்கு இந்தப் பக்கத்து வேலைகளை நான்தான் பார்க்கிறேன். தொழிற்சாலைகளுக்கான ரூட்டர்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் வேலை. வெயில், தூசி, கரண்ட் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் தாங்குகிற இரும்புப் பெட்டிகள் அவை. பழைய இயந்திரங்களோடு பேசுவதற்கென்று அவற்றில் சீரியல் போர்ட் இருக்கும்.

அந்த விடுதியில் எங்களுக்கு என்ன வேலை என்றால், சுத்தம் செய்து வெளியே விடுகிற தண்ணீரில் எவ்வளவு அழுக்கு மிச்சமிருக்கிறது என்று ஒரு சென்சார் அளக்கும். அந்த எண் கால்மணிக்கு ஒருமுறை, இதையெல்லாம் கண்காணிக்கிற அலுவலகத்தின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர வேண்டும். போவதற்கு இன்டர்நெட் வேண்டும். மலை மறைக்கிற இடம் அது. இருக்கிற கொஞ்சநஞ்ச மொபைல் சிக்னலும் சீசன் கூட்டத்தில் செத்துவிடும். கம்பத்தில் இழுத்த ஃபைபர் கேபிளை இரண்டு தடவை குரங்குகள் தொங்கியே அறுத்துவிட்டன. மிச்சமிருந்தது, பூமிக்கு அடியில் கிடந்த ஒரு ஜோடி பழைய டெலிபோன் கம்பி. கொஞ்சம் தள்ளி மேலகரத்தில் அந்த விடுதிக்கு ஒரு புக்கிங் ஆபீஸ் இருந்தது. கம்பி அதுவரைக்கும் போனது. ஆபீஸில் நல்ல இன்டர்நெட் இருந்தது.

ஆகவே இந்த முனையில் ஒரு ரூட்டர், அந்த முனையில் ஒரு ரூட்டர், இரண்டின் சீரியல் போர்ட்டிலும் ஒவ்வொரு மோடம், நடுவில் அந்தக் கம்பி. இன்டர்நெட் பாக்கெட்டுகள் அதில் ஒற்றையடிப் பாதையில் ஆட்கள் நடக்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். படம் பார்க்க முடியாது. கால்மணிக்கு ஒரு எண்ணை அனுப்ப அது தாராளம். இரண்டு ரூட்டர்களும் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று ‘இருக்கியா’ என்று கேட்டுக்கொள்ளும். தொடர்ந்து பதில் வராவிட்டால் லைன் போய்விட்டது என்று தொடர்பைத் துண்டித்து, மறுபடி முதலிலிருந்து கைகுலுக்கி, பேர் சொல்லி, பாஸ்வேர்டு சொல்லி ஆரம்பிக்கும். இந்த முறை கம்ப்யூட்டர் உலகத்தில் ரொம்பப் பழசு. ஆனால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. எவ்வளவு மோசமான கம்பியைக் கொடுத்தாலும் அது வேலை செய்யப் பார்க்கும்.

அந்த லைன் ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது. அதைச் சரிபார்க்கத்தான் என்னை அனுப்பினார்கள்.

ரூட்டர் வைத்திருந்த இரும்பு அலமாரியைத் திறந்தேன். கதவின் ரப்பர் பட்டை முழுக்கக் கரப்பான் பூச்சிகள். கதவை இழுத்ததும் பாதி என் கைமேல் ஏறின, பாதி காலடியில் சிதறின. ரூட்டரின் சூட்டுக்காக அதன் மேலே பல்லி முட்டை போட்டிருந்தது. சில முட்டைகள் உடைந்து மோடத்தின் மேல் வழிந்து காய்ந்திருந்தன. கையுறையோடு சுரண்டினேன். சுரண்டியது நகத்துக்குள் போனமாதிரியே அன்று முழுக்க இருந்தது.

“ஒரு துணி நனச்சுத் தரட்டுமா மேடம்?”

பின்னால் ஒரு பெண் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, காலில் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். நிலையத்தைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டர் அவர்தான். தினமும் சுரண்டையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறார்.

“மேடம்லாம் வேண்டாம்க்கா” என்றேன்.

“சரி பிள்ள. நீ எப்பிடி இங்கன வந்து மாட்டுன? ஆம்பள ஆளுவளே எட்டிப் பாக்க மாட்டானுவ.”

“எனக்கும் இதான் மொத தடவ. நீங்க எப்பிடிக்கா சாப்பிடுதிய?”

“காத்து எங்கன இருந்து வருதுன்னு பாத்து, அந்தப் பக்கமாப் போயி உக்காந்து சாப்பிடணும். வா, நான் காட்டுதேன்.”

அன்று மதியம் அவருடன் உட்கார்ந்து சாப்பிட முயன்றேன். முடியவில்லை. அவர் என் டப்பாவையும் சேர்த்து முடித்துவிட்டு, “நாளைக்கு மோந்து பாக்க எலுமிச்சம்பழம் ஒண்ணு கொண்டாந்துரு” என்றார்.

மறுநாள் பழுதைக் கண்டுபிடித்தேன். சுவருக்கு வெளியே கம்பிகளை இணைக்கிற ஒரு பெட்டி, தரைக்குள் பாதி புதைந்திருந்தது. மூடியை நெம்பித் திறந்தால் உள்ளே கறுப்பாகச் சாக்கடைத் தண்ணீர் தேங்கி நின்றது. அதற்குள்ளேதான் இணைப்பு முங்கிக் கிடந்தது. செம்பு பச்சை பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அந்தத் தண்ணீரைக் குவளையால் மொண்டு வெளியே ஊற்றினேன். புழுக்கள் நெளிந்தன. புதுக் கம்பி கோத்து, சுருட்டி, தண்ணீர் புகாமல் ஜெல் அடைத்து, பெட்டியைத் தூக்கிச் சுவரில் மாட்டினேன். அதற்கப்புறம் லைன் விழவே இல்லை. லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். கேள்வியும் பதிலும் ஒரு தடவைகூடத் தவறாமல் போய் வந்தன. இவ்வளவு அசிங்கத்துக்கு நடுவில் அது ஒன்றுதான் எனக்குச் சந்தோஷம் தந்தது.

லைன் சரி. போகிற எண் சரியாகப் போகிறதா என்று பார்ப்பது வழக்கம். பார்த்தேன். ஒரே எண். அடுத்த கால்மணிக்கும் அதே எண். ரூட்டரில் பழைய பதிவுகள் இருந்தன. பின்னால் பின்னால் போய்ப் பார்த்தேன். நாட்கணக்காக அதே எண், எப்போதாவது கடைசி இலக்கம் ஒன்று கூடிக் குறைந்திருந்தது. விடுதியில் ஆள் நிறைந்திருக்கிறார்கள், ராத்திரி முழுக்கச் சமையல் நடக்கிறது, வாளி வாளியாக ஷாம்பூவும் எண்ணெயும் போகிறது. வெளியே வருகிற தண்ணீர் மட்டும் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கிறதாம்.

சென்சார் பழுதாக இருக்கும் என்று நினைத்து அதன் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது வாய்க்கால் பக்கம் போகவே இல்லை. ஆபரேட்டர் அறைக்குள் நுழைந்து, மேசைக்கு அடியில் போய் முடிந்தது. அங்கே ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. வாளி நிறையத் தெளிந்த தண்ணீர். சென்சார் அதற்குள் கிடந்தது. வாளியின் மேல் தூசி விழாமல் ஒரு தட்டு மூடியிருந்தது.

“என்னதுக்கா இது?”

“அதுவா? மிசினுக்குத் தண்ணி. ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்தணும். இல்லன்னா பாசி புடிச்சு நம்பர் ஏறிரும்.” சாதாரணமாகச் சொன்னார்.

“யார் சொன்னா?”

“மேனேஜர்தான். நான் வந்த அன்னைக்கே இப்பிடித்தான் இருந்துது. உங்க கம்பெனிக்காரன் ஒருத்தன் வந்து மாட்டும்போது அவர்தான் நின்னு சொன்னாராம்.”

“அப்பம் மோட்டார், காத்தடிக்கிற மிசினு எல்லாம்?”

“ஓடி ரெண்டு சீசன் ஆவுது. எல்லாம் அந்தால பின்னாடி பைப்புல போயிரும். ஓடைக்கு.”

எங்கள் கம்பெனிக்காரன். அதைக் கேட்டதும் எனக்கு அந்த அறையைவிடக் கேவலமான ஒரு நாற்றம் என் மேலேயே அடிக்கிற மாதிரி இருந்தது. இரண்டு நாளாகப் புழுத் தண்ணீரில் கைவிட்டு நான் சரிசெய்தது, ஒரு வாளித் தண்ணீரின் அளவை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக.

பின்னால் போய் ஓடையைப் பார்த்தேன். விடுதியின் குழாய் விழுகிற இடத்தில் சாம்பல் நிறத்தில் நுரை இடுப்பளவு உயரத்துக்குப் பொங்கி நின்றது. தலைமுடிக் கொத்துகள், நாப்கின்கள், கோழித் தோல். ஒரு நாய் நுரைக்குள் மூக்கை விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தது. ஓடை அங்கிருந்து மேலகரம் பக்கம் இறங்கி, வயலுக்குப் போகிறது. கொஞ்சம் தள்ளி இரண்டு பேர் அதில் இறங்கித் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்று இரண்டு தடவை வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்து வாளியிலிருந்து சென்சாரை எடுத்தேன். வயர் நீளமாக இருந்தது. ஜன்னல் வழியாக வெளியே விட்டு, குழாய்க்குப் போகிற வாய்க்காலில் தொங்கவிட்டேன். மாறுகிற எண்ணை வைத்து லைனைச் சோதிக்கத்தான் என்று மனதுக்குள் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு ஆத்திரம்.

“வேண்டாம் பிள்ள” என்றார் அக்கா. கையைப் பிடித்துத் தடுக்கவில்லை.

கால்மணியில் அடுத்த எண் போனது. சென்சார் காட்டக்கூடிய அளவின் உச்சியில் போய் முட்டி நின்றது அது. எண் எகிறினால் மேனேஜரின் போனுக்கும் தகவல் போகுமாம், அரைமணியில் அவர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, மூக்கில் கைக்குட்டை. என்னிடம் சண்டைக்கு வரவில்லை. “மேடம், லைன் பாக்கத்தான வந்திய? லைன் நல்லாருக்குல்லா?” என்று மட்டும் கேட்டார். பிறகு அக்காவைப் பார்த்து, “எடுத்து அதுல போடு” என்றார். அக்கா போய் எடுத்தார், குழாயடியில் கழுவினார், வாளியில் போட்டார். தட்டால் மூடினார்.

என் போன் அடித்தது. திருநெல்வேலியிலிருந்து முதலாளி.

“ஏம்மா, நம்ம வேல கம்பி. தண்ணி நம்ம வேலையா? லைன் ஓகேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வா.”

எழுதினேன். லைன் நல்ல நிலையில் உள்ளது. கையெழுத்தும் போட்டேன். அந்தக் காகிதத்தில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. வீட்டுக்கு வந்து மூன்று தடவை குளித்தேன். “என்னட்டி, தோல உரிக்கப் போறியா?” என்று உம்மா கதவைத் தட்டினாள்.

நாலு நாள் கழித்து முதலாளியே போனில் சொன்னார். ஏன் திடீரென்று எண் ஏறியது என்று கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டிருந்தார்களாம். நிலையத்தைக் கழுவும்போது ஆபரேட்டர் அம்மா சென்சாரைத் தெரியாமல் தட்டிவிட்டார், அவரை வேலையைவிட்டு நிறுத்தியாயிற்று என்று விடுதியிலிருந்து பதில் எழுதிவிட்டார்களாம். “பிரச்சின முடிஞ்சுது. நீ பேசாம இரு” என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு உதவி செய்துவிட்ட நிம்மதி.

அடுத்த நாள் சுரண்டைக்குப் பஸ் ஏறினேன். அக்கா ஒரு காய்கறி மண்டியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வெண்டைக்காய்க் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து முற்றலைப் பொறுக்கித் தனியே போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“என்னால வந்துதுக்கா. மன்னிச்சிருங்க.”

“உனக்கு அன்னைக்கு மனசு அரிச்சுது. சொறிஞ்சுக்கிட்ட. போனது என் வேல.”

“நான் செஞ்சேன்னு சொல்லிருக்கணும். சொல்லல.”

“ஆமா, சொல்லல. நீ கையெழுத்துப் போட்டியே, நான் அங்கன நின்னு பாத்துட்டுத்தான இருந்தேன்.” வெண்டைக்காய் ஒன்றை ஒடித்துப் பார்த்துத் தூரப் போட்டார். “நான் மட்டும் யோக்கியமா? ரெண்டு வருசம் அந்த வாளிக்குத் தண்ணி மாத்திருக்கேன். சின்னப் பிள்ளைய குளிப்பாட்டுத மாதிரி அந்தச் சென்சாரக் கழுவித் தொடச்சிருக்கேன். ஓடையப் பாக்காம இருக்கப் படிச்சுக்கிட்டேன். நாத்தம் பழகாது பிள்ள. பாக்காம இருக்கது பழகிரும்.”

பக்கத்தில் உட்கார்ந்து நானும் வெண்டைக்காய் பொறுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், “நல்லதத் தூரப் போடுத” என்று ஒரு காயை எடுத்துத் திருப்பிப் போட்டார். பிறகு அவரே கேட்டார். “வெளக்கம் கேட்ட அந்த ஆபீசுக்கு எழுதுனா பாப்பாவளா?”

“பாக்கலாம். தெரியல.”

“எழுது. வாளியப் பத்தியும் எழுது, பைப்பப் பத்தியும் எழுது. நானும் கையெழுத்துப் போடுதேன். எனக்கு இனிமே போவதுக்கு அங்கன என்ன இருக்கு?”

அங்கேயே எழுதினோம். சென்சாரை வாய்க்காலில் போட்டது நான்தான் என்று முதல் வரியிலேயே எழுதினேன். முதலாளிக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அவர் இரண்டு நாள் என் போனை எடுக்கவில்லை.

ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். வருகிற நாள் விடுதிக்கு முன்பே தெரிந்திருந்தது. எனக்கும் கடிதம் வந்திருந்ததால் போனேன். நிலையத்தில் இயந்திரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. தரை பிளீச்சிங் பவுடர் போட்டு வெளுத்திருந்தது. சுவரோரம் செவ்வந்திப் பூத்தொட்டிகள். வாளி இருந்த இடத்தில் ஒரு நாற்காலி. ஓடைப் பக்கத்துக் குழாயின் வாயைச் சிமெண்ட் பூசி அடைத்திருந்தார்கள். சிமெண்ட் இன்னும் ஈரமாக இருந்தது. அதிகாரி அதை விரலால் தொட்டுப் பார்த்தார், விரலைத் துடைத்துக்கொண்டார். கெட்டவராகத் தெரியவில்லை, களைத்திருந்தார். என்னைக் கேட்டார்:

“இவ்வளவு நாளும் ஒரே அளவு வந்திருக்கே, லைன் கோளாறுனால இருக்குமாம்மா? பழைய சீரியல் லைன்தானே?”

மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பழி கம்பிமேல் போய்விடும். கம்பிக்கு வேலை போகாது.

“இல்ல சார். லைன்ல கோளாறு இருந்தா எண் வராது, இல்லன்னா பிழைன்னு அந்தப் பாக்கெட்டத் தூக்கிப் போட்டுரும். தப்பான எண்ண அதுவா உண்டாக்காது. உள்ள என்ன குடுத்தாங்களோ அதத்தான் கொண்டாந்துச்சு.”

மேனேஜரின் சிரிப்பு அப்படியே இருந்தது. அதைப் பார்க்க எனக்கு அன்றைய ஓடையைப் பார்த்த மாதிரி இருந்தது.

உத்தரவு வந்தது. சென்சாரை வாய்க்காலுக்குள் ஓர் இரும்புக் கூண்டில் வைத்துப் பூட்டி, சாவியைக் கண்காணிப்பு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அப்படியே செய்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டிலிருந்தே ரூட்டரின் பதிவுகளைப் பார்ப்பேன், முதல் இரண்டு வாரம் எண் ஏறி இறங்கியது. உயிருள்ள எண்ணாக இருந்தது. மூன்றாவது வாரம் மறுபடி ஒரே கோடாக நின்றது. வழக்கமான பராமரிப்பு என்று சொல்லிக்கொண்டு போனேன். கூண்டு பூட்டியபடியே இருந்தது. போர்வெல்லிலிருந்து ஒரு ரப்பர் குழாயை இழுத்து வந்து, கூண்டின் கம்பி இடுக்கில் செருகி, சென்சாரின் தலைமேல் நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். மறுபடி உடைத்துத் திறந்திருந்த குழாயை நோக்கிச் சுற்றிலும் கறுப்பாக ஓடியது. கூண்டுக்குள் மட்டும் தெளிவு. புதிதாக வந்திருந்த ஆபரேட்டர் எதிர்க்காற்றுப் பக்கம் திரும்பி உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அன்று வாந்திகூட வரவில்லை. குழாயை உருவவும் இல்லை. உருவினால் அந்த ஆளுக்கு வேலை போகும், மறுநாள் வேறு குழாய் வரும். போட்டோ எடுத்தேன். ரிப்போர்ட்டில், லைன் நல்ல நிலையில் உள்ளது, சென்சார்மேல் போர்வெல் தண்ணீர் விடப்படுகிறது என்று இரண்டு வரி எழுதினேன். முதலாளி இரண்டாவது வரியை எடுக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். “அப்ப வேற ஆள் கையெழுத்துப் போட்டுக்கிடுவான். நீ இனிமே குற்றாலம் பக்கமே போவாண்டாம்” என்றார். வேறு ஆள் போட்டான். போட்டோவை நான் நேராக அந்த அதிகாரிக்கு அனுப்பிவைத்தேன்.

இப்போது எனக்குக் காற்றாலைகளில் வேலை. சுரண்டைக்கும் வீரகேரளம்புதூருக்கும் நடுவில் நிற்கிற பழைய காற்றாலைகளுக்கும் சீரியல் போர்ட்தான். அங்கே காற்றுக்குக் குறைவில்லை. ஆனாலும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்க்கிற பழக்கம் போகவில்லை. அருவிக்குப் போகலாம் என்று உறவினர்கள் வீட்டுக்கு வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி நின்றுவிடுகிறேன்.

வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நாட்களில் மண்டிக்குப் போவேன். போன வாரமும் போனேன். அக்கா கத்தரிக்காய் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஆபீசரு பதில் போட்டானா?”

“‘பெறப்பட்டது’ன்னு ஒரு வரி வந்திருக்கு.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

புழு விழுந்த காய் ஒன்றை என் பக்கம் நீட்டிக் காட்டிவிட்டு, தூரத்துக் கூடையில் எறிந்தார். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“பேனா வச்சிருக்கியா? இன்னொண்ணு எழுது.”